காஷ்மீர் சால்வையும் பாலக்கோட்டுச் சும்மாடும்

1. எலி கடித்த கதை

மாதம்மாள் என் மேஜை மேல் வைத்த துணிக்கடைப் பையைத் திறந்ததும் தக்காளி வாசனை குப்பென்று வந்தது. நூற்கண்டுகளை ஒதுக்கிவிட்டு உள்ளே கையை விட்டேன். வந்தது தக்காளி இல்லை. சந்தன நிறத்தில் ஒரு காஷ்மீர் கம்பளிச் சால்வை. இரண்டு ஓரத்திலும் கையாலேயே போட்ட பூவேலை. அரக்குச் சிவப்பில் பூ, மங்கின பச்சையில் இலை, அதைச் சுற்றிக் கொடி. தலைமுடி மாதிரி மெல்லிய பட்டு நூல். அந்தப் பூவேலைக்கு நடுவே என் நாலு விரல் போகிற அளவுக்கு ஒரு கிழிசல்.

"யாரு ரசம் கொண்டாந்தது?" என்று கேட்டபடி மாஸ்டர் மெஷினை நிறுத்தினார்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் ருக்குமணி. டார்னிங் வேலை பார்த்தவள். கிழிந்த துணியிலிருந்தே நூலை உருவி, ஊசியால் நெடுக்கும் குறுக்கும் இழை ஓட்டி, ஓட்டை இருந்த இடமே தெரியாமல் செய்வதுதான் டார்னிங். ஒட்டுப் போடுவது வேறு, இது வேறு. இது புரியாமல் "ஒட்டுப் போடுற அக்கா" என்று கூப்பிட்டவர்களின் துணியை நான் வேண்டுமென்றே கடைசியில்தான் எடுப்பேன். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில், ஒரு டெய்லர் கடையின் மூலையில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரருக்கு ஒரு பெயர் உண்டு, அது அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

கண் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனதால் இப்போது வேலையை விட்டுவிட்டேன். டார்னிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சில பெண்கள் யூடியூப் பார்த்துவிட்டு என்னிடம் சந்தேகம் கேட்டு வருகிறார்கள். ஊசி பிடிப்பதை யூடியூபே நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறது. அதில் வராத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்டவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பதால் பெயர்களை மாற்றியிருக்கிறேன். மாஸ்டருக்கு மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை.

மாதம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். பாலக்கோட்டுக்கு மேற்கே ஒரு கிராமத்தில் தக்காளி போடுகிற குடும்பம். அன்றுதான் முதல் முறையாகக் கடைக்கு வந்திருந்தாள். நான் சால்வையை மடியில் விரித்துக்கொண்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

"எப்படிங்க கிழிஞ்சுது?"

"எலி கடிச்சிருச்சுங்க்கா."

முப்பது வருடத்தில் எத்தனையோ எலிகளின் கைவேலையைப் பார்த்திருக்கிறேன். எலி கடித்தால் ஓரமெல்லாம் பொடிப்பொடியாக நறுக்கி வைத்த மாதிரி இருக்கும். இது எதிலோ மாட்டி, ஒரே இழுப்பில் மடங்கிக் கிழிந்திருந்தது. போதாததற்கு, கிழிசலின் ஓரத்தில் ஒரு தக்காளி விதை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"உங்க ஊரு எலி தக்காளி தின்னுட்டு வாயத் தொடைக்காம வந்து கடிக்குமா?"

"பாலக்கோட்டு எலின்னா பின்ன எப்படி இருக்கும்?" என்றார் மாஸ்டர்.

மாதம்மாளும் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குச் சங்கடமாகப் போயிற்று. பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன்.

2. உண்மையில் நடந்தது

மகன் ராணுவத்தில் இருக்கிறான், பெயர் சக்திவேல். காஷ்மீர்ப் பக்கம் வேலை. மாசி மாதத்தில் ஒரு பார்சல் வந்திருக்கிறது. பிரித்தால் இந்தச் சால்வை. போனில், "துணி வந்துச்சாம்மா? நல்லா இருக்கா?" என்று கேட்டிருக்கிறான். "மெத்துனு இருக்குதுப்பா" என்று இவள் சொன்னாள். "ஒருத்தரு வூட்லயே ஒக்காந்து ஆறு மாசம் போட்ட வேலம்மா, பத்திரம்" என்றான். அதோடு லைன் போய்விட்டது.

"எனக்குத்தான்னு நெனச்சுட்டேங்க்கா" என்றாள் மாதம்மாள். "ஃபேனு வாங்கிக் குடுத்தான், மிக்சி வாங்கிக் குடுத்தான். அதெல்லாம் வூட்டுக்கு. இது ஒண்ணு எனக்குன்னு வந்துச்சுன்னு நெனச்சேன். ஊரு பூரா சொல்லிட்டேன்."

"சரி, அப்புறம் தக்காளி எங்கேருந்து வந்துச்சு?"

அவள் கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கையால் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. மாஸ்டருக்கும் புரிந்துவிட்டது. அவர் சட்டென்று மெஷினை ஓட்ட ஆரம்பித்தார், ஊசியில் நூல் கூட இல்லை.

சும்மாடு! தோட்டத்திலிருந்து தக்காளிக் கிரேட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு வரப்பு வழியாக ரோட்டில் நிற்கும் டெம்போவுக்குக் கொண்டுபோக, தலைக்கும் கிரேட்டுக்கும் நடுவே துணியைச் சுருட்டி வட்டமாக வைப்பார்களே, அது. ஆறு மாதம் உட்கார்ந்து யாரோ ஒரு ஆள் பூப்போட்ட காஷ்மீர் சால்வையை, இந்த அம்மாள் இரண்டு மாதமாகச் சும்மாடு கட்டியிருக்கிறாள்.

"ஏம்மா, உனக்கு வேற துணியே கெடைக்கலயா?" என்று கேட்டேன். 'ங்க' எல்லாம் எங்கேயோ பறந்துவிட்டது.

"பழைய சீலையெல்லாம் நழுவும்க்கா. இது நழுவவே இல்ல. தலைக்கும் மெத்துனு இருந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நம்ம ஊரு வெயில்ல இத எப்பப் போத்தறது? பொட்டியில வெச்சா எப்ப தொடறது? எனக்குன்னு வந்ததாச்சே, தெனமும் என் தலையிலயே இருக்கட்டும்னு நெனச்சேன்."

இதற்கு என்ன கேலி செய்வது? கிழிசலின் ஓரத்தை விரலால் நீவிவிட்டேன்.

உடைந்த கிரேட் ஒன்றை யாரோ இரும்புக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். இறக்கும்போது அந்தக் கம்பி முனை மாட்டி இழுத்துவிட்டது. கிழிந்த மூன்றாம் நாள் மகன் போன் செய்தான். காரிமங்கலத்தில் பார்த்த பெண் பிடித்துப்போய் நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்தார்கள். "அந்த சால்வைய நிச்சயத் தட்டுல வெச்சிரும்மா, வரப்போறவளுக்குன்னுதான் வாங்கினேன்" என்றிருக்கிறான்.

நிச்சயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

"கிழிச்சிட்டேன்னு சொல்லிடேன்" என்றேன். "பெத்த புள்ளதான, அடிக்கவா போறான்?"

"கிழிஞ்சதுக்குத் திட்டினா திட்டிட்டுப் போறான்க்கா. எனக்குன்னு நெனச்சேன்னு அவனுக்குத் தெரிஞ்சிரும்ல? அய்யோ, அம்மாவுக்கு ஒண்ணு வாங்காமப் போயிட்டமேன்னு அவன் மனசு ஒடைஞ்சிரும். அது மட்டும் தெரியக் கூடாதுங்க்கா."

இதுதான் அவளுடைய கவலை. நான் சால்வையை மடித்து என் பெட்டிக்குள் வைத்தேன். பதினோராம் நாள் காலையில் வரச் சொன்னேன்.

3. பட்டு நூலும் மாஸ்டரின் டீயும்

முதல் வேலை தக்காளிக் கறையை எடுப்பது. கம்பளித் துணியை வெந்நீரில் போட்டால் சுருங்கிக் குழந்தைச் சட்டை ஆகிவிடும், சோப்புத் தூளில் போட்டால் முரடு தட்டும். அதனால் பூந்திக்கொட்டையை ஊற வைத்து, நுரையை வடிகட்டி, பச்சைத் தண்ணீரில் கலந்து, கசக்காமல் அழுத்தி அழுத்தி எடுத்தேன். முறுக்கிப் பிழியவில்லை, துண்டில் சுருட்டி ஈரம் வாங்கினேன். கொடியில் போட்டால் கனத்தில் இழுத்துக்கொண்டு போய்விடும் என்று கட்டிலில் விரித்து நிழலில் காய வைத்தேன். கறை போயும் ஒரு மஞ்சள் வளையம் மட்டும் பிடிவாதமாக நின்றது. வினிகர் கலந்த தண்ணீரைப் பஞ்சில் தொட்டு ஒத்தி ஒத்தி அதையும் அனுப்பி வைத்தேன். என் வீட்டுக்காரர் கட்டிலை இழந்து ஒரு நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதற்குப் பதிலாகச் சாயங்காலம் வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேருக்கும் நிம்மதி.

அடுத்தது அடித்துணி. இது எனக்குத் தெரிந்த வேலை. சால்வையின் குஞ்சத்திலிருந்து ஆங்காங்கே ஒரு நூலாக உருவினேன். ஒரே இடத்தில் உருவினால் பல் விழுந்த வாய் மாதிரி தெரியும். மர வளையத்தில் துணியை மாட்டி, முதலில் நெடுக்கு இழைகளை ஓட்டினேன். பிறகு ஒன்றின் மேலே, ஒன்றின் கீழே என்று குறுக்கு இழை. மூன்று நாளில் ஓட்டை மறைந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், எனக்கே இடம் தெரியவில்லை. உள்ளபடி சொன்னால் கொஞ்சம் கர்வம்தான். மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அடித்துணி சரி. பூ எங்க?" என்றார்.

அதுதானே விஷயம்! ஒரு முழுப் பூ, மூன்று இலை, ஒரு சாண் கொடி காணாமல் போயிருந்தது. எனக்குப் பூவேலை தெரியாது. போலீஸ்காரர் பேண்ட்டிலும் கல்யாணக் கோட்டிலும் பூ இருக்காது, அதனால் தேவைப்பட்டதும் இல்லை.

நூல் கிடைப்பது கஷ்டமாக இல்லை. பட்டுச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டும்போது வெட்டி எறிகிற நூல்களைப் பல வருடமாக ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்திருந்தேன். அரக்குச் சிவப்பு வேண்டிய அளவு இருந்தது. பச்சையில்தான் சிக்கல். நம் ஊர்க் கல்யாணப் பட்டுகளில் வருகிற பச்சை கிளிப் பச்சை, மூன்று தெரு தள்ளி நின்றாலும் கூப்பிடும். காஷ்மீர்க்காரர் போட்டிருந்தது கண்ணை உறுத்தாத மங்கின பச்சை. யோசித்துவிட்டு மாஸ்டரின் டீ கிளாஸை எடுத்து, அதில் பாலில்லாத கடுந்தேநீர் வாங்கி வரச் செய்து, நூலைப் போட்டுவிட்டேன். இரண்டு மணி நேரத்தில் பச்சை அடங்கி ஒழுங்குக்கு வந்தது. மாஸ்டர் தன் டீ என்று நினைத்து கிளாஸைத் தூக்கி வாயருகே கொண்டுபோய்விட்டார்.

"நூலைக் குடிச்சிராதீங்க மாஸ்டர், பச்சை பத்தாது" என்றேன். அதன் பிறகு அவர் தன் கிளாஸைப் பீரோவில் வைத்துப் பூட்ட ஆரம்பித்தார்.

தையலை எங்கே கற்றுக்கொள்வது? யாரிடமும் கேட்க வழியில்லை. சால்வையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். எந்தத் துணிக்கும் முன்பக்கம் விருந்தாளிக்கு, பின்பக்கம் நமக்கு. ஊசி எங்கே நுழைந்தது, எந்தப் பக்கம் திரும்பியது, நூல் எங்கே முடிந்தது என்று எல்லாமே பின்பக்கத்தில் எழுதி வைத்த மாதிரி இருக்கும். பூதக்கண்ணாடி வைத்து ஒரு பகல் முழுக்கப் படித்தேன். அந்த ஆள் இலையை நுனியிலிருந்து தொடங்குகிறார், பூவை வெளியிலிருந்து உள்ளே நிரப்புகிறார். ஒரே ஒரு இலையில் மட்டும் பாதியில் தையல் வேறு பக்கம் சாய்ந்திருந்தது. எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்து, எங்கே விட்டோம் என்று மறந்திருப்பார். எனக்கு உடனே தெம்பு வந்துவிட்டது. அவரும் நம்மைப் போல ஆள்தான்.

தெம்பு வந்தாலும் கை வரவில்லை. முதலில் போட்ட இலையைப் பார்த்து மாஸ்டர், "கறிவேப்பிலை நல்லா வந்திருக்கு" என்றார். பிரித்தேன். இரண்டாவதை அவர் புளியிலை என்றார். அதையும் பிரித்தேன். மூன்றாவது தடவை ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அவர் அகராதியில் அதற்கு அர்த்தம் பிரமாதம். அதற்குள் எட்டாம் நாள் ஆகிவிட்டது, பூ இன்னும் பாக்கி இருந்தது.

4. காக்கி பேண்ட்டுக்கு அடியில்

ஒன்பதாம் நாள் பதினோரு மணி வாக்கில், முடியை ஒட்ட வெட்டிய ஒரு பையன் கடைக்குள் வந்தான்.

"மாஸ்டர், நிச்சயத்துக்கு ஒரு பேண்ட் சட்டை. ரெண்டு நாள்ல வேணும். லீவு இப்பத்தான் கெடைச்சுது."

"எந்த ஊரு தம்பி நிச்சயம்?"

"காரிமங்கலங்க."

நானும் மாஸ்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அளவு நோட்டில் எழுத மாஸ்டர் பெயர் கேட்டார். சக்திவேல் என்றான். சால்வை என் மடியில் வளையத்தோடு விரிந்து கிடந்தது, பூவில் பாதி முடிந்திருந்தது. பக்கத்தில் ஒரு போலீஸ்காரரின் காக்கி பேண்ட் இருந்ததோ பிழைத்தேனோ, எடுத்து மேலே போட்டு அமுக்கினேன். அமுக்கிய வேகத்தில் ஊசி என் தொடையில் ஏறிவிட்டது. "ஸ்ஸ்" என்றேன்.

"என்னாச்சுங்க்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி. போலீஸ் பேண்ட்டு, கொஞ்சம் மொரட்டு."

நல்ல பையன். பேச்சுக்காரனும் கூட. அளவு கொடுத்து முடித்தும் போகாமல் என் எதிரிலேயே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான். ஊசியை எடுக்கவும் முடியாமல் நகரவும் முடியாமல் நான் சிரித்த முகமாக இருந்தேன்.

"அங்க எங்க கேம்ப்புக்குப் பக்கத்துல ஒரு பெரியவரு, வூட்லயே ஒக்காந்து சால்வையில பூப்போடுவாருங்க்கா. பொண்ணுக்கு அவருகிட்டத்தான் ஒண்ணு வாங்கினேன். அம்மாகிட்ட பத்திரமா இருக்கு."

என் பக்கம் திரும்பாமல் மாஸ்டர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"அம்மாவுக்கு ஒண்ணு வாங்கலயா?" என்று கேட்டேன். கேட்கக் கூடாதுதான். டார்னிங் வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு, துணியோடு வருகிற குடும்ப விஷயம் துணிக்குள்ளேயே இருக்க வேண்டும். ஆனால் ஊசி குத்தின வலியில் வாய் திறந்துவிட்டது.

"அம்மாவுக்கு எதுக்குங்க்கா சால்வை? தக்காளிக் காட்டுல நிக்கற ஆளு. அதெல்லாம் போத்தாது. எதக் கேட்டாலும் வேணாம்னுதான் சொல்லும்."

"கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுதாங்க்கா..."

"வேணாம்னு சொல்வாங்கன்னா கேக்கவே மாட்டியா? சாப்பாடு வேணாம்னு நீ சொன்னப்ப உங்கம்மா கேக்கறத விட்டாங்களா?"

குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. பையன் என்னையே பார்த்தான். முகம் தெரியாத கிழவி எதற்கு இப்படி எகிறுகிறாள் என்று நினைத்திருப்பான். ஸ்டூலை ஓரமாக நகர்த்திவிட்டு, "வரேங்க்கா" என்று எழுந்து போய்விட்டான்.

அவன் சந்து திரும்பியதும் ஊசியைப் பிடுங்கினேன். மாஸ்டர் என்னிடம் வந்து, "ருக்குமணியம்மா, துணியில இழை ஓட்டச் சொன்னா ஆளுக்குள்ளயே ஓட்டுறீங்களே" என்றார். என்னால் அப்போது சிரிக்க முடியவில்லை, தொடை எரிந்தது.

5. கோடித் துணி

பதினோராம் நாள் காலை ஏழு மணிக்கே மாதம்மாள் வந்துவிட்டாள். மாஸ்டர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார். சால்வையை அவள் கையில் கொடுத்து, "எங்க கிழிஞ்சிருந்துச்சு, காட்டு பாப்போம்" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகச் சிறந்த வேலை அது. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

முன்னே பின்னே திருப்பினாள். வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தாள். விரலால் தடவினாள். கடைசியில் ஒரு பூவின் மேல் விரலை வைத்து, "இதுதான?" என்றாள்.

நானும் குனிந்து பார்த்தேன். "எப்படிக் கண்டுபுடிச்ச?"

"ரெண்டு மாசம் தெனமும் சுத்தியிருக்கேன்க்கா. எந்தப் பூ எங்க வரும்னு தெரியும். கண்ணுக்குத் தெரியல, கைக்குத் தெரியுது."

கிழித்தவளைத் தவிர வேறு யாராலும் முடியாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள், "இது கோடி ஆவுமாக்கா?"

நல்ல காரியத்துக்குக் கொடுக்கிற துணி கோடியாக, யாரும் உடுத்தாத புதுத் துணியாக இருக்க வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கம். ஓரத்தில் ஒரு துளி மஞ்சள் தொட்டு வைத்துத்தான் கொடுப்பார்கள். நான் விளையாட்டாக, "பூ புதுசுதான? மஞ்சளத் தொட்டு வெச்சா கோடிதான்" என்றேன். சொன்ன மறுநொடியே பதறிக் கத்தினேன். "அய்யய்யோ, மஞ்சள் வெச்சிராத! கம்பளியில ஏறினா போகவே போகாது!"

அவள் சிரிக்கவில்லை. "வூட்டுக்கு வர்ற பொண்ணுக்கு மொத மொதல்ல குடுக்கறது. என் தலையில கெடந்தத, புதுசுன்னு சொல்லிக் குடுக்கறதா?" என்றாள்.

கிழிசல் போனால் பிரச்சினை போய்விடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

கிளம்பும்போது நினைவு வந்தவளாகத் திரும்பினாள். "அக்கா, ஒரு அதிசயம். முந்தாநாள் பையன் வந்து, 'உனக்கு என்னம்மா வேணும்?'னு கேக்கறான். பொறந்ததுலேருந்து கேட்டதில்ல."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டேன்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மாதம்மாள் முகம் மட்டும் அப்போதுதான் கொஞ்சம் மலர்ந்தது. "கேட்டானே, அதே போதும்க்கா" என்றாள். நிச்சயத்துக்கு நான் கட்டாயம் வர வேண்டும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். வருகிறேன் என்று சொல்லாவிட்டால் கையை விடமாட்டாள் போல இருந்தது.

6. காரிமங்கலத்தில்

வைகாசி வெயில். டவுன் பஸ்ஸில் இடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பெண் வீட்டு வாசலில் பந்தல். சக்திவேல் மாஸ்டர் தைத்த பேண்ட்டில் ஜம்மென்று நின்றான். என்னைப் பார்த்ததும், டெய்லர் கடை அக்கா எதற்கு வந்திருக்கிறது என்று குழம்பினான். "பேண்ட்டு ஃபிட்டிங் சரியா இருக்கான்னு பாக்க வந்தேன் தம்பி" என்று சொல்லிவிட்டு உள்ளே நழுவினேன்.

மாதம்மாள் சால்வை வைத்த தட்டோடு, பெண்ணை அலங்கரிக்கிற அறைக்குள் போனாள். என்னையும் கூடவே இழுத்துக்கொண்டாள். பெண் பெயர் பவித்ரா, தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்குத் தலையில் பூ வைத்துவிட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களை மாதம்மாள் "கொஞ்சம் வெளிய இருங்க கண்ணு" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். எதற்கு இந்தப் பைத்தியக்காரத்தனம், பேசாமல் கொடுத்துவிட்டுப் போகக் கூடாதா என்று சாடை காட்டினேன். அவள் என் பக்கமே பார்க்கவில்லை.

"கண்ணு, இது கோடி இல்ல" என்று ஆரம்பித்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பார்சல் வந்தது, தனக்கென்று நினைத்தது, சும்மாடு கட்டியது, கம்பியில் கிழிந்தது, தைத்தது. எதையும் விடவில்லை. "உனக்கு வேணாம்னா இப்பவே சொல்லு. பட்டுப் பொடவை ஒண்ணு கொண்டாந்திருக்கேன், அத வெச்சிடறேன். நான் வருத்தப்பட மாட்டேன்."

அந்தப் பெண் தட்டிலிருந்து சால்வையை எடுத்து விரித்தாள். தையல் போடுகிற தொழில்காரி பார்க்கிற மாதிரியே கண்ணைச் சுருக்கித் தேடினாள். "நாங்க காயத்துக்குப் போடற தையல் மூணு மாசம் ஆனாலும் தெரியும். இதுல எங்கன்னே தெரியலயே" என்றாள். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி அரை நிமிடம் கூட நிற்கவில்லை. மாதம்மாள் விரலை நீட்டி, "இந்தப் பூவு. இந்த மூணு எலை. இதுலேருந்து இது வரைக்கும் கொடி" என்று என் பதினோரு நாள் உழைப்பை அங்குலம் அங்குலமாகக் காட்டிக் கொடுத்துவிட்டாள். வந்த கோபத்துக்கு அளவே இல்லை. காட்டத்தான் போகிறாய் என்றால் இரண்டு தடவை எதற்குடி பிரிக்க வைத்தாய்?

பவித்ரா அந்தப் பூவின் மேல் விரலை வைத்தாள். பிறகு, "ஒரு கிரேட்டு எத்தன கிலோங்க அத்தை?" என்று கேட்டாள்.

"இருவத்தஞ்சு இருக்கும் கண்ணு."

"ஒரு நாளைக்கு எத்தன தூக்குவீங்க?"

"அத யாரு எண்ணினா?"

"கழுத்து வலிக்கலயா?"

"எப்பவும் வலிக்கும். இது இருந்த ரெண்டு மாசம் வலிக்கல."

அந்தப் பெண் எழுந்தாள். அந்த வெயிலில், அந்தப் புழுக்கத்தில், சால்வையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். "அவருக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது. எனக்குன்னு நெனச்சத மட்டும் சொல்லிராத கண்ணு."

"சொல்லலைங்க அத்தை."

மாதம்மாள் சுமையை டெம்போவில் இறக்கிவிட்டு நிமிர்கிறவள் மாதிரி கழுத்தை நேராக்கி ஒரு மூச்சு விட்டாள். அதைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது. அழுதால் கேலிக்கு ஆளாவோம் என்று பவித்ராவின் தோளில் சால்வை நழுவாமல் ஒரு பின் குத்தினேன். குத்தும்போது என் பூ முன்பக்கமாகத் தெரிகிற மாதிரி மடித்துவிட்டேன். அந்த அளவு உரிமை எனக்கு உண்டு.

டார்னிங் கற்றுக்கொள்கிற பெண்களுக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். நூல் தேர்வு செய்யப் பழகுங்கள், பின்பக்கம் பார்த்துப் படியுங்கள், பிரிக்கச் சோம்பல்படாதீர்கள். நாம் கிழிசலை மறைத்துக் கொடுக்கலாம், அதை மறைவாகவே வைப்பதா என்பது துணிக்காரர் பாடு. எப்படிக் கிழிந்தது என்று முப்பது வருடம் எல்லோரிடமும் கேட்டேன், பாதிப்பேர் பொய் சொன்னார்கள். யாரிடம் இருந்து மறைக்க வேண்டும், அவரிடம் மறைத்தால் உங்களுக்கு நிம்மதியாக இருக்குமா என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. மாதம்மாளிடம் முதல் நாளே அதைக் கேட்டிருந்தால் அவள் பதினோரு நாள் தூங்கியிருப்பாள்.